புதுக் கித்தாருக்குப் பழைய தோற்றம்: காசை எங்கே போடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் மெல்லிசைக் குழுக்களுக்குக் கை ஓயாது. ஒரு வாரம் மாரியம்மன் கோவில் மேடை, அடுத்த வாரம் கல்யாண மண்டபம், அதற்கடுத்த வாரம் யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. அந்தக் குழுக்களில் கித்தாரும் பேஸ் கித்தாரும் வாசிக்கிற பிள்ளைகள் கம்பி மாற்றவும், விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃபிரெட் தேய்ந்தால் சரிசெய்யவும் என் மேசைக்கு வருவார்கள். நானும் பேஸ் வாசிக்கிறவன்தான். சில காலமாக அவர்களில் பலருடைய கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: "அண்ணே, சாயம் உரிந்து மரம் தெரிகிற மாதிரி ஒரு கித்தார் வேண்டும். கடையில் அப்படியே வாங்கிவிடலாமா, இல்லை, இருக்கிற புதுசைத் தேய்த்துக்கொள்ளலாமா?"

இதை வீண் ஆடம்பரம் என்று பெரியவர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேடை ஏறுகிறவனுக்குத் தோற்றமும் தொழிலில் ஒரு பங்கு. பினாங்கின் ஆலிகேட்ஸ் குழுவை, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களை நினைத்தால், பாட்டோடு சேர்ந்து அந்த அடர்ந்த சுருட்டை முடியும் கண்முன் வருகிறதல்லவா? பழைய கித்தாரின் முகத்தை விரும்புவதும் அப்படிப்பட்ட ஆசைதான். ஆனால் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மிகைநேரம் பார்த்துச் சேர்த்த வெள்ளியை (ரிங்கிட்டை) அதில் போடுகிறபோது எந்த வழியில் போடுகிறோம் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை படுகிற இடத்துக்குத் தாராளமாகச் செலவிடுங்கள். கண் படுகிற இடத்துக்கு அவசரப்படாதீர்கள். வெளிநாட்டு இதழ்கள் சொல்லும் கணக்கு குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களுக்கானது. பகலில் 32, 33 டிகிரி வெயிலும், விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

புதுக் கித்தாரைப் பழையது போல் செய்து விற்கும் வழக்கம் அப்படியொன்றும் பழையதில்லை. அமெரிக்கக் கித்தார் நிறுவனமான ஃபெண்டர் 1987இல் கஸ்டம் ஷாப் என்ற தனிப் பட்டறையைத் தொடங்கியது. அங்கிருந்து 1995இல் 'ரெலிக்' வரிசை வந்தது. தொடக்க ஆண்டுகளில் அந்த உடல்களையும் கழுத்துகளையும் பழமையாக்கிக் கொடுத்தவர் வின்ஸ் குனெட்டோ. எவ்வளவு தேய்மானம் என்பதற்குப் படிகள் வைத்தார்கள்: கடையில் விலைபோகாமல் கிடந்தது போன்றது, அலமாரியில் பத்திரமாக இருந்தது போன்றது, ஊர் ஊராகச் சென்று வாசித்தது போன்றது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சன் தரப்பில் டாம் மர்ஃபி இந்தக் கலையில் பெயர் எடுத்தார். 2021இல் அவர் பெயரிலேயே 'மர்ஃபி லேப்' வந்தது. சாதாரண வாசிப்பாளர்களுக்காக ஃபெண்டர் 2009இல் மெக்சிகோ தொழிற்சாலையிலிருந்து 'ரோட் வோர்ன்' வரிசையை இறக்கியது. இன்று கடைகளில் 'ரெலிக்' என்ற சொல் எந்த நிறுவனத்தின் தேய்த்த கித்தாருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

எதைப் பார்த்து இந்த ஆசை வருகிறது? அயர்லாந்துக் கித்தார் கலைஞர் ரோரி கேலகரின் 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நல்ல உதாரணம். 1963இல் கார்க் நகரத்துக் கடையில் வாங்கியது. கடைசியில் சாயம் பெரும்பகுதி போய் மரம்தான் மிஞ்சியது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் மார்ட்டின் கித்தாரில் ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்திருக்கிறது. விரலால் மீட்ட வேண்டிய நைலான் கம்பிக் கித்தாரை அவர் மீட்டுதகடு கொண்டு வாசித்தார். மேற்பலகையைக் காக்கும் தகடும் அதில் இல்லை. அந்தத் தேய்மானங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். கடையில் ரெலிக் கித்தாரை எடுத்துப் பார்க்கிறபோது முதலில் மேல் விளிம்பைப் பாருங்கள், வலது முன்கை சாய்கிற இடத்தை. உண்மையாகத் தேய்ந்த கித்தாரில் சாயம் ஒரே வெட்டாக நின்றுவிடாது. முதலில் பளபளப்பு மங்கும், பிறகு மேல்பூச்சு போகும், அதற்குள் நிறம் மெலிந்துகொண்டே வரும், அடிப்பூச்சு தெரியும், அப்புறம்தான் மரம். அந்த மரமும் வெள்ளை வெளேரென்று இருக்காது. வருடக்கணக்கான வியர்வையும் அழுக்கும் இறங்கிப் பழுப்பாகவோ சாம்பலாகவோ கறுத்திருக்கும். அவசரமாகச் செய்த ரெலிக்கில் இந்த இடைப்படிகள் இருக்காது. சிவப்புச் சாயம், அதன் ஓரத்தில் உப்புத்தாள் கீறல், உடனே வெறும் மரம். அடுத்து, கை போகவே வாய்ப்பில்லாத இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க்கொம்பின் உட்பக்கத்தில் உள்ளங்கை அளவு சாயம் போயிருந்தால், யாருடைய கை அங்கே போனது என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவனுக்கு இந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

இனிப் பூச்சு. வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இது விளங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 1950களின் அமெரிக்கக் கித்தார்களில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) இருந்தது. கார்களுக்கு அடித்த அதே வகைப் பூச்சு. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் அது காய்கிறது. தின்னர் பட்டால் மறுபடியும் கரையும். மெல்லிய பூச்சு, காலப்போக்கில் மஞ்சள் அடிக்கும், சுருங்கும், விரிசல் விடும், உரசினால் தேயும். 1960களின் இறுதியில் ஃபெண்டர் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. இன்று நாம் வாங்கும் நடுத்தர விலைக் கித்தார்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர், பாலியூரித்தேன் வகைகள்தாம் (சுருக்கமாகப் பாலி). இவை வேதிமாற்றத்தால் இறுகுகிற பூச்சுகள். தேய்வதில்லை, அடிபட்டால் முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே பாலி பூசிய கித்தாரை நைட்ரோ கித்தாரைப் போலத் தேய்ந்ததாகக் காட்டுவது கடினமான வேலை. எவ்வளவு திறமையானவர் செய்தாலும் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பலருக்கும் பிடித்த அந்த மெல்லிய விரிசல் கோடுகள் நைட்ரோவில் வருவது பெரும்பாலும் குளிரால். பனிக்காலத்தில் வண்டியில் வந்த கித்தாரைச் சூடான அறையில் திடீரென்று திறந்தால் மரமும் பூச்சும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்கும்; பூச்சு வெடிக்கும். பட்டறைகளில் இதையே உறைய வைக்கும் ஸ்பிரே அடித்தோ, மர்ஃபி செய்து புகழ்பெற்றது போலக் கூர்மையான பிளேடால் கோடு கீறியோ செய்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கோடுகள் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். இங்கே நைட்ரோவுக்கு வேறு விதி. வியர்வை பட்டுப் பட்டு முன்கை சாயும் இடத்தில் பிசுபிசுக்கும், மஞ்சள் ஏறும். கித்தார் தாங்கியில் இருக்கும் ரப்பர் உறையோடு நெடுநாள் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் பூச்சு இளகித் தழும்பு விழும். ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் நைட்ரோவோடு ஒத்துப்போவதில்லை. வினைல் தோள்வாரும் இதே வேலையைச் செய்யும். நைட்ரோ கித்தார் வைத்திருப்பவர்கள் தாங்கியின் மேல் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

இவ்வளவும் மனதில் இருக்கட்டும். வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, பட்டறையில் கையால் தேய்த்த உயர்விலைக் கித்தார். ஃபெண்டர் கஸ்டம் ஷாப் ரெலிக் ஒன்று புதிதாகப் பத்தாயிரம் வெள்ளிக்குள் கிடைப்பது அரிது. கிப்சன் மர்ஃபி லேப் அதற்கும் மேலே போகும். கொடுக்கிற காசுக்கு வேலைப்பாடு உண்டு. கழுத்தைப் பிடித்த உடனே தெரியும்: விரல்பலகையின் ஓரங்கள் உருட்டியிருக்கும், ஃபிரெட் முனைகள் உள்ளங்கையில் குத்தாது, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பல வருடம் வாசித்துப் பழகிய கித்தாரைக் கையில் எடுத்த சுகம் அது. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. என் தயக்கமெல்லாம் உலோகப் பாகங்களில்தான். கனமாகத் தேய்த்த ரெலிக்கில், உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகமான பிரிட்ஜையும் அதன் திருகுகளையும் அமிலப் புகையில் வைத்து மேல்பூச்சைப் போக்கித் துரு ஏற்றுகிறார்கள். வறண்ட ஊரில் அந்தத் துரு அங்கேயே நின்றுவிடலாம். சுங்கை சிப்புட்டில் நிற்காது.

பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சின்னத் துண்டுதான் சேடில். கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். தலையே இல்லாதவை, மெல்லிய ஆலன் சாவி நுழைகிற அறுகோணக் குழி மட்டும் உண்டு. மேடையில் கை வியர்த்து ஒழுகும். அந்த உப்புநீர் முதலில் இறங்குவது இந்தக் குழிகளில்தான். முலாம் நன்றாக இருந்தால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். முலாமை அமிலம் ஏற்கெனவே தின்றுவிட்ட திருகு என்றால் துரு மரையைப் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் திருகு அசையாது, குழியின் முனைகள் மழுங்கிச் சாவி வெறுமனே சுற்றும். பிறகு துரு நீக்கியில் ஊறவைத்து, வெப்பம் கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் துளையிட்டு எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பிரிட்ஜுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே இந்த விலைக்கு வாங்க வசதி உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள்: கனமான தேய்மானத்தை விட்டு 'ஜர்னிமேன்' போன்ற மிதமான படியை எடுங்கள். எடுத்தவுடன் சேடில் திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாக மாற்றிவிடுங்கள். கழற்றியதைப் பையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

இரண்டாவது வழி, ரோட் வோர்ன் போன்ற தொழிற்சாலை ரெலிக். மெல்லிய நைட்ரோ பூச்சும் பழகிய கழுத்தும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. குறை ஒன்றுதான், தேய்மானம் வார்ப்பில் எடுத்தது போல இருக்கும். உங்களுடையதும் ஈப்போவில் வாசிக்கிற இன்னொருவருடையதும் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும். அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். புதுசு கிடைக்காவிட்டாலும் பழையது விற்பனைக்கு வரும்போது பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த கித்தாரில் இன்னொரு கீறலுக்காக யாரும் வருந்துவதில்லை. பஸ்ஸிலும் வேனிலும் தூக்கித் திரிகிற நமக்கு அந்த நிம்மதியும் ஒரு லாபம்தான்.

மூன்றாவது வழி, உள்ளூரில் ஆளைப் பிடித்துச் செய்யச் சொல்வது. இதில்தான் காசு வீணாவதை அதிகம் பார்க்கிறேன். கையில் இருப்பது பாலி கித்தார். அதைப் பழையதாக்க வேண்டுமென்றால் முழுப் பூச்சையும் வெப்பம் காட்டிச் சுரண்டி எடுத்து, நைட்ரோ அடித்து, காயவிட்டு, அப்புறம் தேய்க்க வேண்டும். கார் சாயம் அடிக்கும் பட்டறைக்காரருக்கு ஸ்பிரே பிடிக்கத் தெரியும். ஆனால் நைட்ரோவுக்கு ஈரம் ஆகாது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் கலந்தது போல வெளுத்துவிடும். பேராக்கில் மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வருகிற நாள்களில் இது நடந்தே தீரும். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் தின்னர் சேர்த்து, மழையில்லாத நாளாகப் பார்த்து, மெல்லிய படலங்களாக அடிப்பவர் கிடைத்தால் நல்லது. அடித்த பிறகு வாரக்கணக்கில் காயவிடவும் வேண்டும். அவர் முன்பு செய்த கித்தாரை நேரில் பார்க்காமல், ஒரு வருடம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று அதன் சொந்தக்காரரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, நாமே செய்வது. இளைஞர்களுக்கு ஆர்வம் அதிகம் உள்ள வழி. ஆபத்தும் இதில்தான். இணையத்தில் பார்த்துவிட்டு உலோகத்தைத் துருவேற்ற ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் பால்மரத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கலனை நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் பயம் விட்டுப்போய்விட்டது. செறிவான ஃபார்மிக் அமிலம் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். பூட்டிய அறையில், குளியலறையில், பிள்ளைகள் நடமாடும் அடுப்படியில் இந்த வேலை கூடவே கூடாது. அதைவிட முக்கியம், இதற்கு அவசியமே இல்லை. நம் காற்றிலும் நம் வியர்வையிலும் நிக்கல் முலாம் ஓரிரு வருடங்களில் தானே மங்கிவிடும்.

ஸ்டீல் வூல் பற்றி ஓர் எச்சரிக்கை. நான்கு பூஜ்யம் எண்ணுள்ள மெல்லிய ஸ்டீல் வூலால் பூச்சை மங்கவைப்பது எல்லாரும் சொல்லும் முறை. ஆனால் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பில் இருப்பது காந்தம். உதிர்கிற இரும்புத் தூள் அத்தனையும் அங்கே போய் முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய செப்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் அது போய்விட்டால் சத்தத்துக்கும் கேடு, பிக்கப்புக்கும் கேடு. கழுத்தைத் தனியாகக் கழற்றி வேறு இடத்தில் வைத்துச் செய்யுங்கள். அல்லது இரும்பில்லாத சாம்பல்நிறத் தேய்ப்புத் துணியைப் பயன்படுத்துங்கள். வெள்ளைக் குமிழ்களையும் தகடுகளையும் கடுந்தேநீரில் போட்டு மஞ்சளாக்கும் முறை சில பிளாஸ்டிக்குகளில் பலிக்கும். தேநீர் ஆறியிருக்கட்டும், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தகடு நெளிந்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் ஒன்றை மட்டும் நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன். அது கழுத்தின் பின்பக்கம். பளபளக்கும் பூச்சுள்ள கழுத்து நம் ஊர்க் கைக்கு ஒட்டும். இரண்டாவது பாட்டிலேயே பெருவிரல் சறுக்காமல் இழுத்துப் பிடிக்கும். கம்பிகளைத் தளர்த்துங்கள். விரல்பலகைக்கும் தலைப்பகுதிக்கும் காகித டேப் ஒட்டுங்கள். 400ஆம் எண் உப்புத்தாளால் மர வரியோடு நீளவாக்கில் இலேசாகத் தேய்த்து, பிறகு 600, 800 என்று போய், கடைசியில் தேய்ப்புத் துணியால் முடியுங்கள். பளபளப்பு போய் மங்கலான மென்மை வந்தால் நிறுத்திவிட வேண்டும். மரம்வரை போகாதீர்கள். பூச்சு முழுவதும் போன மேப்பிள் கழுத்து நம் ஈரத்தை உறிஞ்சி அசையத் தொடங்கும். அழுக்கும் இறங்கிச் சாம்பல் நிறமாகும். ரோஸ்வுட் விரல்பலகை என்றால் அதன் ஓரத்தை ஒரு திருப்புளியின் வழவழப்பான தண்டால் அழுத்தி உருட்டிக் கூர்மையைப் போக்கலாம். பூச்சு அடித்த மேப்பிள் பலகையில் இதைச் செய்தால் பூச்சு உடையும்; விட்டுவிடுங்கள். உப்புத்தாளுக்கும் டேப்புக்கும் ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பெரிய விலை ரெலிக்குகளில் கை உணர்கிற சுகத்தில் பெரும்பங்கு உங்களுக்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் பழைய மலிவுக் கித்தார் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

ஐந்தாவது வழி உண்மையாகவே பழைய கித்தார். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முந்தைய கித்தார்கள் சேகரிப்பாளர்களின் உலகம். அவற்றின் விலை நம் பேச்சுக்குள் வராது. 1960களின் தொடக்கத்துக் கித்தார்களில் பிரேசில் ரோஸ்வுட் விரல்பலகை இருப்பதால் எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் சிக்கல். அந்த மரம் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. நமக்கு எட்டக்கூடியது ஜப்பான் கித்தார். டோக்காய், கிரெக்கோ, 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பான் ஆகியவற்றின் 1980களின் கித்தார்களில் மரமும் வேலையும் நன்றாக இருக்கும். நாற்பது ஆண்டுகளாகக் காய்ந்து நிலைத்த கழுத்து. ஆனால் பெரும்பாலும் பாலி பூச்சு என்பதால் ரோரி கேலகர் கித்தாரின் முகம் அதற்கு வந்திருக்காது. முகத்துக்காக வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். கைக்காக வாங்குகிறவர்கள் மகிழ்வார்கள்.

வாங்கும்போது கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், முறுக்கம் இருக்கிறதா என்று. கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற தண்டு இரு பக்கமும் திரும்ப இடம் இருக்கிறதா, ஃபிரெட்டில் இன்னும் உயரம் மிச்சமிருக்கிறதா, குமிழ்களைத் திருகினால் கரகரப்பு வருகிறதா, பிக்கப் குழிக்குள் பூச்சி அரித்த தூள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரெட் முழுவதும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கூலியை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது.

ஆறாவது, புதுசை வாங்கிப் புதுசாகவே வாசிப்பது. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழமையாக்கும் வேலைகளில் நம் தட்பவெப்பத்துக்கு உண்மையிலேயே பயன் தருவது ஒன்று உண்டு. அது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் மரத்தை உயர்வெப்பத்தில் வாட்டி எடுக்கும் முறை அது. வறுத்த மேப்பிள் என்று கடைகளில் சொல்கிறார்கள். தேன்நிறம் முதல் அடர்பழுப்புவரை இருக்கும். யமஹாவும் தன் உயர்வகை அக்கூஸ்டிக் கித்தார்களின் மேற்பலகைக்கு வெப்பமும் ஈரமும் அழுத்தமும் கொண்டு ஏ.ஆர்.ஈ. என்ற முறையைக் கையாள்கிறது. வாட்டிய மரம் காற்றின் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். மழைக்காலத்தில் கழுத்து வளைந்து கம்பி உயர்வதும், குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனவுடன் சுதி விலகுவதும் குறையும். சாயம் உரிந்த உடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை வறுத்த மேப்பிள் கழுத்துள்ள புதுக் கித்தாருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பேஸ் வாசிக்கிறவர்களிடம் எனக்கு இன்னும் உரிமையோடு பேசத் தோன்றுகிறது. பழைய பேஸின் முகம் வேண்டுமா, பழைய பேஸின் சத்தம் வேண்டுமா என்று முதலில் தெளிவாகுங்கள். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரசிஷன் பேஸில், தட்டைக் கம்பி சுற்றிய, மேற்பரப்பு வழவழப்பான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைக் கனமான அளவில் போட்டு, அவற்றை மாற்றாமலே வாசித்தவர். அந்த உருண்டை ஒலிக்குக் காரணம் கம்பியும் விரலும்தான். இன்னொரு பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் நீக்கிய தன் 1962 ஜாஸ் பேஸின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பாக்சி பூசினார். வாசிப்புக்கு ஏற்றபடி பலகையைக் காப்பதற்காகச் செய்தது அது. நீங்கள் ஒரு சாதாரணப் புது பேஸை எடுத்து, உடலைத் தொடாமல், ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை மட்டும் மாற்றுங்கள். அறையில் இருக்கிறவர்கள் வேறு பேஸ் என்றே நினைப்பார்கள். வழக்கமான ரவுண்ட்வவுண்ட் கம்பியின் வரிகளுக்குள் நம் வியர்வை இறங்கிச் சீக்கிரம் மந்தமாகிவிடும். ஃப்ளாட்வவுண்டில் அந்த இடுக்குகளே இல்லாததால் வருடக்கணக்கில் நிற்கும். சத்தத்துக்குப் பழமை சேர்க்க பேஸில் இதைவிடச் சிறந்த செலவு எனக்குத் தெரியவில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஏற்றபடிதான் சொல்கிறேன். முதல் கித்தார் வாங்குகிற மாணவனுக்கு: புதுசு, பாலி பூச்சு, கழுத்தின் பின்பக்கம் மட்டும் மங்கவைத்தது. திருவிழாவும் கல்யாணமுமாக ஓடுகிற குழுக்காரருக்கு: வறுத்த மேப்பிள் கழுத்து, அல்லது நல்ல நிலையிலுள்ள ஜப்பான் கித்தார். தேய்ந்த முகமே வேண்டும், அதுவே மேடையில் தனக்குத் தெம்பு என்கிறவருக்கு: பயன்படுத்திய ரோட் வோர்ன், திருகுகளை மாற்றிக்கொண்டு. வசதி உள்ளவருக்கு: கஸ்டம் ஷாப்பின் மிதமான படி. பாலி கித்தாரைச் சுரண்டி ரெலிக் செய்யச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை.

கடைசியாக, கையால் தேய்த்த கித்தாரை விற்கிற நாள் பற்றி. வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய குமிழ், திருகு, தகடு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபெண்டர் தொழிற்சாலையில் கழுத்தின் அடிப்பகுதியில் தேதி எழுதும் வழக்கம் இருந்தது. பழைய கித்தாரை இன்று அடையாளம் காண அது பெரிதும் உதவுகிறது. நீங்களும் உடலில் கழுத்து உட்காரும் குழிக்குள், எந்த ஆண்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். நாளை இதே கித்தார் வேறு ஊரில் வேறொரு பிள்ளையின் கைக்குப் போகும். 1980களின் பழையது என்று சொல்லி அவனிடம் யாராவது விற்க வந்தால், நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தே அவன் உண்மையைத் தெரிந்துகொள்ளலாம்.